சுவரிலும் கூரையிலும் படியும் புகைக்கரி: கண்டறிவது முதல் சுத்தம் செய்வது வரை

சுவரில் கருப்பாக ஏதோ படிந்திருப்பதைக் கண்டதும் பெரும்பாலோர் ஈரத் துணியை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடுவார்கள். புகைக்கரிக்கு இதைவிடக் கெடுதலான வைத்தியம் கிடையாது. விளக்குக் கரியைத் தண்ணீரும் பிசினும் சேர்த்துக் குழைத்துத்தான் அந்தக் காலத்தில் எழுதும் மை தயாரித்தார்கள். ஈரத் துணியோடு சுவரை அணுகுகிறவர் அதே மையைத் தன் வீட்டுச் சுவரிலேயே தயாரித்துவிடுகிறார். அதுவரை மேலாக ஒட்டிக்கொண்டிருந்த தூள், தண்ணீரோடு குழம்பிப் பெயிண்டின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். பிறகு எதைப் போட்டுக் கழுவினாலும் சாம்பல் நிற நிழல் மிஞ்சும்.

அதனால் இந்த வழிகாட்டி வாளியை நிரப்புவதிலிருந்து தொடங்கவில்லை. கரி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்தது உலர்ந்த முறையில் எடுப்பது. தண்ணீரின் முறை அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த வரிசை மாறினால் உழைப்பும் வீண், சுவரும் வீண்.

புகைக்கரி ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது

எரிபொருளுக்குப் போதுமான ஆக்சிஜன் கிடைக்காமலோ, தீயின் வெப்பம் போதாமலோ முழுமையாக எரியாதபோது மிஞ்சும் கார்பன் துகள்களே புகைக்கரி. ஒவ்வொரு துகளும் சில பத்து நானோமீட்டர் அளவே இருக்கும். அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கொத்துகளாகக் காற்றில் மிதக்கும். இந்தக் கொத்துகளின் மேல், எரியாமல் ஆவியான எண்ணெய்ப் பொருட்கள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். சாதாரணத் தூசி தட்டினால் உதிர்வதற்கும், கரி உதிராமல் இழுபடுவதற்கும் இந்த எண்ணெய்ப் பூச்சே காரணம். பிளாஸ்டிக் எரிந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வெளிவருகிறது. அது ஈரப்பதத்தோடு சேர்ந்து அமிலமாகி உலோகக் கைப்பிடிகளையும் குழாய்களையும் அரித்துவிடும்.

உடல்நலத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழிலாளர்களுக்கு ஒரு குறிப்பிட்ட புற்றுநோய் அதிகமாக வருவதை 1775இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் எழுதினார். செய்யும் தொழிலுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு முதன்முதலாகப் பதிவானது அப்போதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, தொழில்முறையில் புகைக்கரியோடு புழங்குவதை இன்று மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. வீட்டுச் சுவரை ஒருநாள் துடைப்பதால் அந்த அளவு ஆபத்து வராது. ஆனால் இந்தத் துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடியவை. முகக்கவசம் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

அது கரிதானா?

கருப்பாக இருப்பதெல்லாம் கரியாகிவிடாது. பூஞ்சை, தூசி, சமையல் பிசுக்கு, சிகரெட் புகைக்கறை ஆகியவையும் இதே இடங்களில்தான் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

எளிய சோதனை இது. வெள்ளை டிஷ்யூ தாளை மடித்து, கறையின் ஓரத்தில் உலர்வாக ஒருமுறை மெல்ல இழுத்துப் பாருங்கள். தாளில் அடர்கருப்புக் கோடு விழுந்து, சுவரிலும் வால் போல ஒரு கீற்று நீண்டால் அது கரி. சாம்பல் நிறத்தில் பஞ்சு பஞ்சாகத் திரண்டு வந்தால் தூசி. எதுவும் ஒட்டாமல் புள்ளிகள் அப்படியே நின்றால் பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். பூஞ்சை வட்ட வட்டமாக, திட்டுத் திட்டாகப் பரவும். ஈரம் கசியும் சுவரிலும் குளியலறை ஒட்டிய மூலைகளிலும் வரும். மக்கல் வாடை அடிக்கும். இன்னும் சந்தேகம் இருந்தால், தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்த பிளீச்சில் ஒரு சொட்டைக் கண்ணில் படாத ஓர் இடத்தில் கறையின் மேல் வையுங்கள். சில நிமிடங்களில் நிறம் வெளுத்தால் பூஞ்சை. பிளீச் கார்பனை வெளுக்காது என்பதால் கரி அப்படியே இருக்கும். இந்தச் சொட்டு சோதனைக்கு மட்டும்தான். அமோனியாவோ அமிலமோ கலந்த எந்தக் கிளீனரோடும் பிளீச்சைச் சேர்க்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

விரலில் பிசுபிசுவென ஒட்டும் மஞ்சள் கலந்த பழுப்புப் படலம் சமையல் எண்ணெயின் வேலை. சிகரெட் கறையும் மஞ்சள் பழுப்புதான். ஆனால் அது அறை முழுக்கச் சீராகப் படியும். மாட்டியிருந்த படத்தை எடுத்தால் அதன் பின்னால் வெள்ளைச் சதுரம் தெரியும். இவை இரண்டுக்கும் உலர் முறை அதிகம் பயன்படாது. நேராகச் சோப்புத் தண்ணீருக்குப் போகலாம்.

கரியிலும் வகைகள் உண்டு. காகிதமோ மரமோ வேகமாகக் கொழுந்துவிட்டு எரிந்தால் வரும் கரி உலர்ந்த தூளாக இருக்கும், எடுப்பது சுலபம். பிளாஸ்டிக்கும் ரப்பரும் புகைந்து புகைந்து எரிந்தால் வருவது பிசின் போலத் தடித்து, தொட்டால் பூசிக்கொள்ளும். வாடையும் கடுமையாக இருக்கும். அடுப்பில் இறைச்சி தீய்ந்துபோனால் வருவது மூன்றாவது வகை. கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத மஞ்சள் படலம்தான் சுவரில் இருக்கும், ஆனால் வாடை மட்டும் வாரக்கணக்கில் போகாது.

படிந்திருக்கும் வடிவத்தைப் படியுங்கள்

மொத்த வேலையில் நான் அதிகம் மதிக்கும் கட்டம் இதுதான். கரி எங்கே, எந்த வடிவத்தில் படிந்திருக்கிறது என்பதிலேயே அது வந்த வழி தெரிந்துவிடும். காரணத்தை விட்டுவிட்டுக் கறையை மட்டும் துடைத்தால் சில மாதங்களில் அதே இடத்தில் மீண்டும் துடைக்க நேரிடும்.

கீழே குறுகி மேலே விரியும் நிழல் இருந்தால், அதன் அடி முனைக்கு நேர் கீழே எரிந்த பொருள் இருந்திருக்கும். மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, மண்ணெண்ணெய் விளக்கு எல்லாம் இப்படித்தான் அடையாளம் விட்டுச் செல்கின்றன.

கேஸ் அடுப்பு, தண்ணீர் சூடாக்கும் கேஸ் கருவி, அறையைச் சூடாக்கும் அடுப்பு இவற்றின் அருகில் கரி புதிதாகத் தோன்றினால் வாளியை ஓரமாக வைத்துவிடுங்கள். சரியாக எரியும் கேஸ் நீலச் சுடர் விடும். சுடர் மஞ்சளாக, சோம்பலாக ஆடினால் எரிதல் முழுமையாகவில்லை. கரியை உண்டாக்கும் அதே குறை, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடையும் உண்டாக்குகிறது. வீட்டில் இருப்பவர்களுக்குத் தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் இருந்து, வெளியே போனதும் சரியானால் அதை அசட்டை செய்யவே கூடாது. உடனே எல்லோரும் வெளியேறி, உதவியை அழைக்க வேண்டும். அறிகுறி எதுவும் இல்லையென்றாலும் கருவியை அணைத்து, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, தொழில்நுட்பப் பணியாளர் வந்து பார்க்கும்வரை அதைப் பயன்படுத்தாதீர்கள்.

சுவிட்ச் பலகையைச் சுற்றிக் கருமை இருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். சுவருக்குள்ளிருந்து வரும் காற்று, பலகையின் விளிம்பு வழியாகக் கசிந்து தூசியையும் கரியையும் படிய வைத்திருக்கலாம். அல்லது உள்ளே இணைப்பு தளர்ந்து தீப்பொறி பறந்திருக்கலாம். பலகை சூடாக இருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

பலரைக் குழப்புவது வேறொரு வடிவம். கூரையிலோ வெளிச்சுவரின் உட்புறத்திலோ சம இடைவெளியில் மங்கலான கருப்புக் கோடுகள் ஓடும். சில வீடுகளில் அந்தக் கோட்டின் மேல், சீரான இடைவெளிக்கு ஒன்றாகச் சிறு கருப்புப் பொட்டுகள் வரிசையாகத் தெரியும். இது யாரும் தீட்டியதில்லை. பலகைச் சுவருக்குப் பின்னால் இருக்கும் மரச் சட்டங்களோ உலோகச் சட்டங்களோ அந்தக் கோடுகளாகத் தெரிகின்றன. பொட்டுகள், சட்டத்தில் அறைந்த ஆணிகளின் தலைகள். குளிர்ந்த காலநிலையில் அந்த இடங்கள் வெப்பத்தை வெளியே கடத்தி, சுற்றியுள்ள பரப்பைவிடக் கொஞ்சம் குளிர்ந்துவிடும். காற்றிலுள்ள நுண்துகள்கள் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு நகரும் இயல்புடையவை. அங்கே லேசான ஈரமும் படிந்தால் துகள்கள் பிடித்துக்கொள்கின்றன. இதைத் துடைக்கலாம். ஆனால் வெப்பக் காப்பும் காற்றோட்டமும் சரியாகாமல், வீட்டுக்குள் கரியை உண்டாக்குவதும் நிற்காமல், கோடுகள் மறைந்து நிலைக்காது.

தரைவிரிப்பின் ஓரமாக, மூடிய கதவின் அடியில், ஏ.சி. காற்று வெளிவரும் துவாரத்தைச் சுற்றி வரும் கருங்கோடுகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. காற்று இடுக்கு வழியாகப் போகும்போது துகள்கள் வடிகட்டப்பட்டு அங்கே தங்கிவிடுகின்றன. தீ விபத்துக்குப் பிறகு மூலைகளில் சிலந்தி வலை போலத் தொங்கும் கருப்பு இழைகளைப் பார்க்கலாம். சிலந்திக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை; கரித்துகள்களே சங்கிலியாகக் கோத்துத் தொங்குகின்றன. ஒட்டடைக்கோலால் அவற்றை அடிக்காதீர்கள். உடைந்து சுவரெங்கும் பூசிக்கொள்ளும்.

எப்போது நீங்களே இறங்கக் கூடாது

தீ விபத்து நடந்த அறையென்றால், உள்ளே போகலாம் என்று தீயணைப்புத் துறையினர் சொன்ன பிறகே போக வேண்டும். காப்பீடு இருந்தால், ஒரு துடைப்புக்கூடத் துடைப்பதற்கு முன் எல்லாக் கோணங்களிலும் புகைப்படம் எடுத்து வையுங்கள். பல அறைகளில் கரி பரவியிருந்தாலோ, ஏ.சி. குழாய்களுக்குள் போயிருந்தாலோ, பிளாஸ்டிக் எரிந்த பிசின் கரி என்றாலோ, அதற்கென்றே உள்ள நிறுவனத்திடம் விடுவது நல்லது. 1980களுக்கு முன் பூசப்பட்ட சொரசொரப்பான கூரைப் பூச்சில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் அதைச் சுரண்டவோ தேய்க்கவோ கூடாது. பழைய கட்டடங்களின் எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஆபத்து.

ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள் வேலை நடக்கும் அறைப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பு

என்-95 அல்லது அதைவிடத் தரமான முகக்கவசம், நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை, தலைக்குத் துணி ஆகியவை வேண்டும். கூரையைப் பார்த்து வேலை செய்யும்போது எல்லாமே கண்ணில்தான் விழும், கண்ணாடியைத் தவிர்க்காதீர்கள்.

மின்விசிறியையும் ஏ.சி.யையும் அணையுங்கள். ஏ.சி. துவாரங்களைப் பிளாஸ்டிக் தாளால் மூடி ஒட்டுங்கள். துணிமணி, திரைச்சீலை, மெத்தை எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய்விட்டு, நகர்த்த முடியாத சாமான்களையும் தரையையும் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆனால் காற்று வீசியடிக்கும் நாளில் இந்த வேலையை ஒத்திப்போடுங்கள். கூரை விளக்குக்கும் சுவிட்சுக்கும் போகும் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்திவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் செய்தால் சாய்வாக விழும் ஒளியில் கரியின் எல்லை நன்றாகத் தெரியும்.

கரி பட்ட சுவரை வெறும் கையால் தொடாதீர்கள். தோலின் எண்ணெய் அந்த இடத்தில் கரியைப் பதித்துவிடும். கடைசியில் சுவரெல்லாம் சுத்தமாகி விரல் அடையாளம் மட்டும் நிற்கும்.

உலர்ந்த முறையில் எடுப்பது

இதை முழுமையாகச் செய்தால் தூள் கரியில் பெரும்பகுதி தண்ணீர் படாமலே போய்விடும். அவசரப்படாதீர்கள். கூரையிலிருந்து தொடங்கி, பிறகு சுவரின் மேலிருந்து கீழாக வாருங்கள்.

முதலில் வாக்குவம் கிளீனர். அதில் ஹெப்பா வடிகட்டி இருப்பது அவசியம். ஹெப்பா, 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடித்து வைக்கும். சாதாரண வாக்குவம் முன்னால் உறிஞ்சிய நுண்கரியைப் பின்னால் அறைக்குள்ளேயே ஊதிவிடும். உறிஞ்சும் முனையைச் சுவரில் அழுத்தாமல், ஒரு விரல் அகலம் தள்ளிப் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். பிரஷ் முனை சுவரில் உரசினால் கரி பூசிக்கொள்ளும். மூலையில் தொங்கும் இழைகளையும் இப்படியே உறிஞ்சி எடுங்கள். ஹெப்பா வாக்குவம் கிடைக்கவில்லையென்றால் இந்தக் கட்டத்தை விட்டுவிட்டு நேராக ஸ்பாஞ்சுக்குப் போவது மேல்.

அடுத்து வருவது புகைக்கரி ஸ்பாஞ்ச். உலர் ஸ்பாஞ்ச் என்றும் விற்கிறார்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது வல்கனைஸ் செய்த, அதாவது கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கிய ரப்பரால் ஆனது. செங்கல் வடிவக் கட்டியாக இருக்கும். ரப்பர் எழுத்தை அழிப்பது போலவே இதுவும் கரியைத் தன் பரப்பில் பற்றி எடுக்கிறது. தண்ணீர் பட்டால் பயனற்றுப்போகும். எனவே நனைக்கவே கூடாது, கழுவவும் கூடாது.

கட்டியைக் கைக்கு அடங்கும் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். சுவரின் உச்சியில் வைத்து, லேசான அழுத்தத்தோடு, நேர்கோட்டில் ஒரே இழுப்பாகக் கீழே கொண்டுவாருங்கள். ஸ்பாஞ்சைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, மீண்டும் மேலிருந்து, முந்தைய தடத்தின் ஓரத்தைக் கொஞ்சம் மறைத்தபடி அடுத்த இழுப்பு. முன்னும் பின்னுமாகத் தேய்த்தாலும் வட்டமாகச் சுழற்றினாலும் பிடித்த கரியைத் திரும்பச் சுவருக்கே கொடுப்பதாகிவிடும். சில இழுப்புகளில் அந்த முகம் கருத்துவிடும். அடுத்த முகத்துக்குத் திருப்புங்கள். எல்லா முகங்களும் கருத்ததும் கூர்மையான கத்தியால் மேல்தோலை மெல்லியதாகச் சீவி எறிந்தால் உள்ளே புதிய பரப்பு கிடைக்கும். இழுத்த தடத்துக்கும் இழுக்காத பகுதிக்கும் நடுவே தெளிவான எல்லை தெரிந்தால் வேலை சரியாகப் போகிறது. தடம் முழுக்கச் சாம்பல் பூசியது போல இழுபட்டால் கரியில் எண்ணெய் அதிகம். ஸ்பாஞ்சை நிறுத்திவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்கள்.

நிலக்கரி அடுப்புக் காலத்தில் சுவர்த்தாளில் படிந்த கரியை மாவு உருண்டையால் ஒற்றி எடுப்பார்கள். இன்று குழந்தைகள் உருட்டி விளையாடும் ‘பிளே-டோ’, அமெரிக்காவின் சின்சினாட்டியில் இருந்த குடோல் நிறுவனம் அதே வேலைக்காக விற்ற மாவுதான். 1950களில்தான் அது விளையாட்டுப் பொருளாக மாறியது. ஈரமில்லாமல் ஒற்றி எடுக்க வேண்டும் என்ற அறிவு அவ்வளவு பழையது.

தண்ணீரின் முறை

உலர் முறைக்குப் பிறகும் நிழல் மிஞ்சினால் மட்டும் கழுவுங்கள். முதலில் மறைவான ஓர் இடத்தில் சோதித்துப் பாருங்கள். பெயிண்ட் துணியோடு வந்தால் அந்தச் சுவரைக் கழுவக் கூடாது.

இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் நாலு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரும், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு தேக்கரண்டியும். மற்றொன்றில் வெறும் தண்ணீர். பிசுக்குக் கரிக்குச் சலவைச் சோடாவோ டிரைசோடியம் பாஸ்பேட் என்ற காரத் தூளோ பொட்டலத்தில் சொன்ன அளவில் கலந்துகொள்ளலாம். காரத்தன்மை உள்ளவை எண்ணெயை விடுவிக்கும். கரியிலுள்ள அமிலத்தையும் முறிக்கும். ஆனால் இவை தோலையும் கண்ணையும் பாதிக்கும்; பளபளப்பான பெயிண்டின் மினுக்கத்தையும் அலுமினியத்தையும் கெடுக்கும். எடுத்த எடுப்பில் இவற்றைப் பயன்படுத்தாமல், சாதாரணத் திரவம் தோற்றால் மட்டும் கையில் எடுங்கள்.

கூரையை முதலில் முடித்துவிடுங்கள். துணியை நன்றாகப் பிழிந்து, இரண்டடிச் சதுரமாக எடுத்துக்கொண்டு, சோப்பு, வெறும் தண்ணீர், உலர்துணி என்ற வரிசையில் ஒவ்வொரு சதுரத்தையும் முடித்து நகருங்கள். ஜிப்சம் கூரையில் தண்ணீர் அதிகமானால் பலகை ஊறித் தொய்ந்துவிடும்.

சுவருக்கு வரும்போது திசையை மாற்றுங்கள். உலர் முறையில் மேலிருந்து கீழாக வந்தோம்; கழுவும்போது கீழிருந்து மேலாகப் போக வேண்டும். பெயிண்ட் வேலை செய்பவர்களுக்கு இது தெரியும்; மற்றவர்கள் நம்ப மறுப்பார்கள். மேலே தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் இன்னும் கழுவாத உலர்ந்த சுவரில் வழிந்து, வரிவரியாக உறிஞ்சப்பட்டு நிற்கும். அந்த வரிகளை எடுப்பது மூலக்கறையை எடுப்பதைவிடக் கடினம். கீழே ஏற்கெனவே நனைந்து சுத்தமான சுவரில் அதே தண்ணீர் வழிந்தால் ஒரு துடைப்பில் போய்விடும். வெறும் தண்ணீரால் அலசித் துடைப்பதை மட்டும் மேலிருந்து கீழாகச் செய்யுங்கள். வாளித் தண்ணீர் சாம்பல் நிறமானதும் மாற்றிவிடுங்கள். கருத்த தண்ணீரில் அலசிய துணி சுவருக்குக் கரியைத்தான் பூசும். சுவிட்ச் பலகைகளைச் சுற்றிப் பிழிந்த துணி மட்டும் படலாம். தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது.

சுவருக்குச் சுவர் வேறுபாடு

எனாமல் அல்லது பளபளப்பான எமல்ஷன் பூசிய சுவரே இந்த வேலைக்கு எளிது. கரி உள்ளே இறங்காது, நன்றாகக் கழுவலாம். மங்கல் எமல்ஷன் பொல்லாதது. கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலே அந்த இடம் மட்டும் மினுமினுத்து, கறை போன பிறகும் திட்டாகத் தெரியும். கறையை அழிக்க விற்கும் வெள்ளை நுரைக் கட்டியான மெலமைன் ஸ்பாஞ்சும் நுண்ணிய உப்புத்தாள் போன்றதுதான் என்பதால் மங்கல் பெயிண்டில் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

சுண்ணாம்பும் டிஸ்டம்பரும் அடித்த சுவர்களில் தண்ணீர் வேண்டவே வேண்டாம். பூச்சே கரைந்து வந்துவிடும். உலர் முறையில் எடுத்த மட்டும் எடுத்துவிட்டு, தளர்ந்த பூச்சைச் சுரண்டி நீக்கி, மீண்டும் பூசுவதுதான் வழி. சுவர்த்தாளில் வினைல் வகையை மட்டும் பிழிந்த துணியால் துடைக்கலாம். காகித வகைக்கு உலர் ஸ்பாஞ்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூசாத செங்கல்லின் துளைகளுக்குள் கரி இறங்கியிருக்கும். உலர் ஸ்பாஞ்சுக்குப் பிறகு, கம்பியில்லாத விறைப்பான பிரஷ்ஷும் காரக் கரைசலும் தேவைப்படும். நிறம் முழுவதுமாகத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தொங்கு கூரையில் பொருத்தும் அட்டை ஓடுகள் ஊறிக் கெடும் பொருள். அவற்றைச் சுத்தம் செய்ய மெனக்கெடுவதைவிட மாற்றிவிடலாம்.

கறை போகவில்லை என்றால்

நிழல் மிஞ்சிய சுவரின் மேல் நேரடியாக எமல்ஷன் அடித்து மறைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தண்ணீர் அடிப்படையிலான பெயிண்ட், கரியிலுள்ள எண்ணெய்ப் பொருட்களை மேலே இழுத்துக்கொள்ளும். பழுப்புத் திட்டு மீண்டும் எட்டிப்பார்க்கும். அதன் மேல் எத்தனை கோட்டிங் அடித்தாலும் ஊறி வரும். பிசுக்கு இருந்த இடத்தில் பெயிண்ட் உரிந்தும் போகலாம்.

இதற்குக் கறைதடுக்கும் பிரைமர் தேவை. அரக்கு அடிப்படையிலான பிரைமரே என் முதல் தேர்வு. கறையையும் வாடையையும் ஒருசேர அடைக்கும். ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும். எண்ணெய் அடிப்படையிலான பிரைமரும் நல்லதுதான், காய நேரம் அதிகம் எடுக்கும். இரண்டின் ஆவியும் தீப்பற்றக்கூடியது என்பதால் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்; அருகில் எந்தச் சுடரும் இருக்கக் கூடாது. சுவர் முழுமையாகக் காய்ந்திருக்க வேண்டும். சோடாவோ பாஸ்பேட்டோ பயன்படுத்தியிருந்தால் நன்றாக அலசியிருக்க வேண்டும். எச்சம் இருந்தால் பிரைமர் பிடிக்காது. ஒரு கோட்டிங் காய்ந்ததும் பாருங்கள். கறை தெரிந்தால் இரண்டாவது கோட்டிங். அதன் பிறகு எந்த எமல்ஷனும் அடிக்கலாம்.

வாடை சுவரோடு நிற்காது. திரைச்சீலை, மெத்தை உறை, அலமாரித் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். ஏ.சி. வடிகட்டியை மாற்றுங்கள். மின்விசிறி இறக்கைகளின் மேல்பக்கத்தையும், கதவுகளின் மேல் விளிம்பையும், அலமாரி உச்சியையும் துடைக்காமல் விட்டால் காற்று ஓடத் தொடங்கியதும் கரி மீண்டும் சுவரில் வந்து சேரும். வாசனைத் தெளிப்பான் அடிப்பதில் பயனில்லை. ஓசோன் கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாடையைப் போக்கும் அளவுக்கு ஓசோனை நிரப்பினால் அது நுரையீரலுக்குத் தீங்கு.

வேலை முடிந்ததும் பயன்படுத்திய ஸ்பாஞ்ச், துணி, கையுறை எல்லாவற்றையும் பையில் கட்டி எறியுங்கள். அணிந்திருந்த உடையை மற்ற துணிகளோடு சேர்க்காதீர்கள்.

மீண்டும் படியாமல் இருக்க

மெழுகுவர்த்தித் திரியை ஒவ்வொரு முறை ஏற்றும் முன்பும் 6 மில்லிமீட்டர் அளவுக்கு வெட்டுங்கள். நீண்ட திரி உருகிய மெழுகை அதிகமாக இழுத்து, எரிக்க முடியாமல் புகையாகத் தள்ளும். காற்றடிக்கும் இடத்தில் சுடர் ஆடினாலும் இதுவே நடக்கும். வாசனை எண்ணெய் கலந்தவை பொதுவாகக் கூடுதல் கரி விடும். சமையலறை விசிறி புகையை வீட்டுக்கு வெளியே தள்ள வேண்டும். வடிகட்டி வழியாக அறைக்குள்ளேயே திருப்பி விடும் வகை நுண்கரியை முழுமையாகப் பிடிக்காது. விறகோ நிலக்கரியோ எரிக்கும் வீட்டில் புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்துச் சுத்தம் செய்ய வேண்டும். எரிபொருள் எதுவானாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் படுக்கையறைக்கு அருகில் மாட்டுங்கள். ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைத்தால் குளிர்ந்த மூலைகளில் துகள்கள் ஒட்டுவது குறையும்.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் போனதும், முதலில் கறை இருந்த அதே இடத்தில் வெள்ளை டிஷ்யூவை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தாள் வெள்ளையாகவே வந்தால் காரணத்தையும் சேர்த்துச் சரிசெய்திருக்கிறீர்கள். மறுபடி கருங்கோடு விழுந்தால் ஸ்பாஞ்சைத் தேடாதீர்கள். எரியும் கருவிகளைச் சோதிக்கும் தொழில்நுட்பப் பணியாளரை வரவழையுங்கள்.